சங்கக் கட்டடத்தில் தாழ் போட ஒரு அறை: சேலத்துத் தொழில் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தில் வெள்ளிக் கொலுசு, விசைத்தறி, லாரி, ஜவ்வரிசித் தொழில்களில் சங்கம் நடத்தும் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் சங்கக் கட்டடத்தில் கதவு வைத்த சின்ன அறை ஒன்றை, வாரத்தில் சில மணி நேரம், ஒரு ஆள் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு போனில் பேசுவதற்காக ஒதுக்கித் தாருங்கள். யார் போனார், யாரோடு பேசினார், என்ன பேசினார் என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்பது இவ்வளவுதான். ஆனால் எதற்குக் கேட்கிறேன் என்று விளக்காமல் விட்டால், "பேசறதுக்கு ஒரு அறையா, வீட்ல பேச முடியாதா" என்று செயற்குழுவில் யாராவது சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் குகைக்காரன். வீட்டோடு தறி ஓடிய தெருவில் வளர்ந்தவன். இப்போது போன் வழியாகவும் வீடியோ வழியாகவும் மனநல ஆலோசனை தருவது என் தொழில். என்னிடம் பேசியவர்களின் கதை எதுவும் இந்த மடலில் இல்லை. ஊர் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றிக்கூட எழுதவில்லை. அப்படி எழுதுவது எங்கள் தொழிலில் சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. நடுவில் ஒரு உரையாடல் வரும். அது நானே கற்பனையாக எழுதியது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாடு முழுக்கத் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724 பேர். நூற்றுக்குக் கிட்டத்தட்ட 72. தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நமக்கு. தொழில்வாரியாகப் பிரித்தால், நாடு முழுக்க நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிக்காரர். காரணம் என்ற பத்தியில் குடும்பப் பிரச்சினை முதலில், நோய் அடுத்து. போலீஸ் ஒரு வார்த்தையில் எழுதும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு மனிதன் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு ஒரே காரணம் இருப்பது அபூர்வம். ஆனால் இறந்தவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு நாம் வழக்கமாகச் செய்வது கூட்டம். அக்டோபர் 10 உலக மனநல நாளுக்கு ஒரு ஃப்ளெக்ஸ், மைக் டெஸ்டிங் அரை மணி நேரம், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று ஒரு உரை, கடைசியில் தட்டுவடை செட்டும் டீயும். பின்வரிசையில் இருப்பவர்கள் போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மேடையில் இருப்பவர் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பேசினால் நஷ்டம்.

ஆண்கள் பேசமாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை நான் நம்புவதில்லை. ஐந்து ரோட்டில் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். கட்சி, கிரிக்கெட், வெள்ளி விலை, நூல் விலை, டோல்கேட் கட்டணம் என்று வாய் ஓய்வதே இல்லை. அவர்கள் தொடாமல் தாண்டிப்போகிற விஷயங்கள் சில உண்டு. அதை ஏன் தாண்டுகிறார்கள் என்று பார்த்தால், அதில் கூச்சம் கொஞ்சம், கணக்கு நிறைய.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார். இவர் கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். கூலி, சேதாரம் எல்லாம் நோட்டில் இருக்கும். நோட்டில் ஏறாதது ஒன்று இருக்கிறது, இந்த ஆளிடம் கொடுத்தால் சரக்கு திரும்பி வரும் என்ற நம்பிக்கை. "அவருக்கு இப்ப மனசு சரியில்லையாம், ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லையாம்" என்று ஒரு வார்த்தை கடைவீதியில் போய்விட்டால், அடுத்த வாரம் அவர் கைக்கு வரும் வெள்ளி குறையும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யமாட்டார்கள். வெள்ளி விற்கிற விலைக்கு, கையில் கொடுக்கும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார்கள், அவ்வளவுதான். நீங்களும் அப்படித்தான் யோசிப்பீர்கள். நானாக இருந்தாலும் யோசிப்பேன்.

அவரிடம் வேலை பார்ப்பவர் அட்வான்ஸ் வாங்கியிருப்பார். ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டான் என்று தெரிந்தால் அடுத்த அட்வான்ஸ் நின்றுவிடும். லாரி டிரைவருக்கு ராத்திரி படபடப்பு வருகிறது என்று ஓனருக்குத் தெரிந்தால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் தறிக்காரர் மனநல டாக்டரிடம் போய்வந்தார் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் ஒருவர் "ஒண்ணும் இல்லங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். அவர் போட்ட கணக்கில் தப்பு கிடையாது. மனம் விட்டுப் பேசச் சொல்கிற யாரும், பேசியதால் வரும் நஷ்டத்தைத் தான் கட்டுகிறேன் என்று சொன்னதில்லையே.

சொல்லாமல் விட்டது வேறு வழியில் வெளியே வரும். வயிறு எரிகிறது, கேஸ் தொல்லை, முதுகு பிடிக்கிறது, தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போவார். ஸ்கேன் நன்றாக இருக்கும். அப்புறம் டாஸ்மாக். அப்புறம் வீட்டில் தட்டு பறக்கும். பறக்கும் தட்டு யார் மேல் விழுகிறது என்று சொல்லத் தேவையில்லை. ஆண்களின் மனநலத்தைப் பற்றிப் பேசினாலே பெண்கள் படும் பாட்டை மறைக்கிறார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டும் ஒரே வீட்டுக்குள்தான் நடக்கிறது.

சரி, பேசுவதால் நஷ்டம் வராத ஒரு இடம் இருந்தால்? அப்படி ஒரு இடத்தை உண்டாக்குவதையே தன் தொழிலின் மையமாக வைத்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். கார்ல் ரோஜர்ஸ், அமெரிக்க உளவியலாளர், 1902-இல் பிறந்து 1987-இல் இறந்தவர். சின்ன வயதில் பண்ணையில் வளர்ந்து, கல்லூரியில் முதலில் விவசாயம் படிக்கப் போனவர். அவர் 1940-களில் தொடங்கி வைத்த முறையைத்தான் இன்று நபர்மைய ஆலோசனை என்கிறோம். வருகிறவருக்கு என்ன பிரச்சினை, அதற்கு என்ன வழி என்று நிபுணர் தீர்மானிப்பதை அவர் கைவிட்டார். சரியான சூழ்நிலை கிடைத்தால் அந்த மனிதரே தன் வழியைக் கண்டுபிடிப்பார் என்றார்.

என்ன சூழ்நிலை? 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆறு நிபந்தனைகளை வரிசையாகச் சொன்னார். பாடம் நடத்தும்போது மூன்றைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆலோசகர் வேஷம் போடாமல் உள்ளபடி இருக்க வேண்டும். எதிரில் இருப்பவரை நிபந்தனை வைக்காமல் மதிக்க வேண்டும். அவர் இருக்கும் இடத்திலிருந்து அவர் உலகத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊர் ஆண்களை நினைத்தால் இரண்டாவதில் நான் நின்றுவிடுகிறேன். அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை எல்லாம் நிபந்தனையோடு வருவது. தவணை கட்டினால் மரியாதை. சரக்கைச் சொன்ன தேதியில் கொடுத்தால் மரியாதை. தங்கச்சி கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினால் மரியாதை. ஒரு தேதி தவறினால் அது குறைவதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், எதைச் சொன்னாலும் மரியாதை குறையாத ஒரு ஆளோடு இருப்பது என்றால் என்ன என்று பலருக்குத் தெரியவே தெரியாது.

அதிகம் பேசப்படாத நிபந்தனைகள் மூன்று. வருபவர் உள்ளுக்குள் தவிப்போடு இருக்கிறார் என்பது ஒன்று. அதற்கும் முன்னால், பட்டியலில் முதலாவதாக, இரண்டு பேருக்கும் நடுவில் மனத்தொடர்பு இருக்க வேண்டும் என்று எழுதினார். கடைசியாக, ஆலோசகரின் மதிப்பும் புரிதலும் வருகிறவருக்குக் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டும் என்றார். போனில் வேலை பார்க்கிற எங்களுக்கு இந்த முதலாவதும் கடைசியும்தான் தினசரித் தலைவலி. அதற்குப் பிறகு வருகிறேன்.

முறை எப்படி இருக்கும் என்று காட்டக் கற்பனை உரையாடல் இதோ. போனில் ஒருவர், மறுமுனையில் ஆலோசகர்.

"என்ன பேசறதுன்னே தெரியலங்க."

"சரிங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. நான் லைன்லதான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வட்டிக்காரன் நேத்து வீட்டுக்கே வந்துட்டான். பொண்ணுதான் கதவத் திறந்துச்சு."

"பொண்ணு திறந்துச்சு."

"ஆமாங்க. அவன் தப்பா ஒண்ணும் பேசல. 'அப்பா இருக்காராம்மா'ன்னு கேட்டான். நான் உள்ள பாத்ரூம்ல நின்னுக்கிட்டிருந்தேன்."

"நீங்க உள்ள. பொண்ணு வாசல்ல அவன் முன்னாடி."

"அப்பா இல்லைன்னு சொல்லுச்சுங்க. நான் சொல்லித் தரல. அதுவா சொல்லுச்சு."

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இதே ஆள் இதை ஒரு நண்பரிடம் சொல்லியிருந்தால், வட்டிக்காரன் என்ற வார்த்தை வந்த உடனே "எவ்வளவு வட்டி? யார்கிட்ட வாங்குன? ஏன்டா அவன்கிட்ட போன?" என்று பேச்சு பணத்துக்குப் போயிருக்கும். நல்ல நண்பராக இருந்தால் பத்தாயிரம் கொடுத்தும் இருப்பார். ஆனால் பெண் தானாகப் பொய் சொன்ன அந்த இடம் வந்திருக்காது. அந்த மனிதரை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது எது என்று அவருக்கே பாதி தெரியாமல் இருந்திருக்கும். ஆலோசகர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, கேட்டதைத் திருப்பி வைத்தார். பார்க்க எளிதாகத் தெரியும். வாயில் வந்துவிட்ட அறிவுரையை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் தடவை வருகிறவர்களில் பலருக்கு இந்த முறை எரிச்சலூட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "நான் சொல்லிட்டேன், இப்ப என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க" என்பார்கள். ஜோசியர் பரிகாரம் சொல்கிறார், டாக்டர் மாத்திரை எழுதுகிறார், இந்த ஆள் என்ன கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்று தோன்றும். சிலருக்கு வேறு முறை ஒத்துவரும். எண்ணங்களை எழுதிப் பார்த்து, அதில் எது பயம், எது நிஜம் என்று வாராவாரம் பயிற்சி செய்யும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை சிலருக்கு இதைவிடப் பிடிக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. பேசி முடித்தால் கடன் குறைந்துவிடுமா என்று கேட்டால், குறையாது. குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் ஆலோசகரிடம் யாரையும் அனுப்பாதீர்கள்.

இப்போது போன் விஷயம். கொரோனாவுக்கு முன்னால் இந்த வேலையை நேரில் உட்கார்ந்துதான் செய்ய முடியும் என்று எங்களில் பெரும்பாலோர் நினைத்தோம். 2020 மார்ச்சில் தொலைமருத்துவ வழிகாட்டுதல் வந்து டாக்டர்களே போனில் பார்க்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. நம் ஊர் ஆண்களுக்கு இது ஒரு நல்ல காலம் என்பேன். திருநெல்வேலியில் இருக்கிற ஆலோசகருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஒருவரையும் தெரியாது. அவருக்குச் சொந்தமும் இல்லை, பாக்கியும் இல்லை. அவரிடம் சொல்வதால் அடுத்த வார வெள்ளி குறையாது. மனநல ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும்போது யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் இல்லை. பலர் வீடியோவை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். கண்ணைப் பார்க்காமல் பேசுவது அவர்களுக்கு எளிது.

குரல் மட்டும் என்றால் எங்களுக்கு வேலை கூடும். எதிரில் இருப்பவர் அழுகிறாரா, யோசிக்கிறாரா, லைன் கட்டாகிவிட்டதா என்று தெரியாது. "ஹலோ, கேக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டால் அவர் சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும். அதனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம்: நான் பேசாமல் இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், லைன் போனால் நானே திரும்பக் கூப்பிடுகிறேன். ரோஜர்ஸ் சொன்ன முதல் நிபந்தனையை நாங்கள் காப்பாற்றும் விதம் இப்படித்தான்.

சரி, இவ்வளவு வசதியான ஒன்று கைக்குள்ளேயே இருக்க, ஏன் பேசுவதில்லை? இடம் இல்லை.

நிஜமாகவே இடம் இல்லை. அம்மாபேட்டையிலோ குகையிலோ ஒரு தறிக்காரர் வீட்டை நினைத்துப் பாருங்கள். முன்னறையைத் தறி அடைத்துக்கொள்ளும். மிச்சம் இருக்கும் ஒரு அறையில் மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். விசைத்தறிக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் சொல்வதே காதில் விழாது, போனில் எங்கே பேசுவது. வெள்ளிப் பட்டறையில் கேமரா இருக்கும். சரக்கு இருக்கிற இடத்தில் கேமரா வைத்ததைத் தப்பென்று சொல்ல முடியாது. மொட்டை மாடிக்குப் போனால் பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறார்கள். மூக்கனேரிக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இயர்போன் போட்டால் ஐந்தாவது நிமிடம் தெரிந்தவர் ஒருவர் வந்து, "என்னங்க இங்க நிக்கறீங்க, வண்டி ரிப்பேரா?" என்பார். அன்பாகத்தான் கேட்பார். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. சங்ககிரி லாரிக்காரர்களுக்கு மட்டும் இந்தப் பிரச்சினை கொஞ்சம் வேறு. கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேபினைவிட நல்ல அறை கிடையாது. ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி என்று நேரம் கொடுத்தால் அப்போது அவர் எந்த மாநிலத்தில் லோடு இறக்கக் காத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

பேசாமல் டைப் பண்ணலாமே என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். பண்ணலாம். ஆனால் அப்பாவின் போனில் கேம் விளையாடாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? சாட் அப்படியே இருக்கும். ஜிபேயில் பணம் அனுப்பினால் அனுப்பிய பெயரும் அங்கேயே நிற்கும். மாதக் கடைசியில் மனைவி கணக்குப் பார்க்கும்போது "இது யாருங்க?" என்று வரும். பெயரில் மனநலம் என்று போட்டுக்கொள்ளும் ஆலோசனை மையங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். உங்கள் கட்டடம் ஊருக்குள் இருக்கிறது. அங்கே ஒரு உறுப்பினர் படி ஏறுவதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சந்தா கட்ட வந்திருப்பார், ஜிஎஸ்டி சந்தேகம் கேட்க வந்திருப்பார். பல சங்கங்களில் மாடி அறை வருடத்தில் பாதி நாள் பழைய நாற்காலிகளோடு பூட்டிக் கிடக்கிறது.

பட்டறைக்குள்ளேயே அறை போட்டுத் தருகிறேன் என்று முதலாளி யாராவது முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்தவர் கொடுத்த அறையில் அட்வான்ஸ் வாங்கியவர் பேசமாட்டார். சங்கக் கட்டடத்திலும் கேமரா அந்தக் கதவைப் பார்க்கக் கூடாது. நோட்டில் கையெழுத்து வேண்டாம். மாத அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்றுகூடப் போடாதீர்கள். நூறு பேர் உள்ள சங்கத்தில் "இரண்டு பேர்" என்று எழுதினால் அந்த இரண்டு பேர் யார் என்று டீக்கடையில் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளே ஒரு நாற்காலி, சார்ஜ் போட ஒரு பிளக், குடிக்கத் தண்ணீர், இணைய இணைப்பு. மின்விசிறி சத்தம் போடுகிற விசிறியாக இருந்தால் மாற்றாதீர்கள், குரல் வெளியே கேட்காமல் இருக்க அது உதவும். கதவுக்கு வெளியே யாரையும் உட்கார வைக்காதீர்கள். தாழ் உள்பக்கம் இருக்கட்டும்; அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்க ஒரு சாவி மட்டும் நிர்வாகி ஒருவரிடம் இருக்கட்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கூலி பீஸ் கணக்கில் வருகிறவருக்கு வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் என்பது கையை விட்டுப் போகும் காசு. ஷிப்ட் மாறும் நேரம், ஞாயிற்றுக்கிழமை, அமாவாசைக்கு லீவு விடும் தொழில்களில் அமாவாசை என்று பார்த்து வையுங்கள்.

யாரோடு பேசுவது என்பதை அவரே தேர்ந்துகொள்ளட்டும். ஒன்றுமே தெரியாதவருக்கு 14416 போதும். டெலிமானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. நாள் முழுக்க எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். தொடர்ந்து ஒரே ஆளோடு பேச வேண்டும் என்பவர்கள் தனியார் ஆலோசகரிடம் போவார்கள். அங்கே கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஆலோசகர்களையும் உள்ளடக்கி 2021-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் வார இறுதி வகுப்பு முடித்துவிட்டு விசிட்டிங் கார்டு அடிப்பவர்கள் குறைந்தபாடில்லை. என்ன படித்தீர்கள், யார் மேற்பார்வையில் வேலை பார்க்கிறீர்கள், பேசுகிறவர் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறுகிறவர் வேண்டாம்.

எனக்கு ஆள் பிடிக்க இதை எழுதுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த அறையிலிருந்து வரும் அழைப்பை நான் எடுக்கமாட்டேன். மேலே சொன்ன காரணமேதான். நான் இந்த ஊர்க்காரன், என் மாமாவுக்கு உங்களில் பாதிப் பேரைத் தெரியும்.

பேச்சால் ஆகாதவையும் உண்டு. தினமும் நிறையக் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போட்டுவிட்டேன் என்று சட்டென்று நிறுத்துகிறவர்களை நினைத்து எனக்குப் பயம்தான். அவர்களுக்கு முதலில் டாக்டர் வேண்டும். யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்பவருக்கும் அப்படியே. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அல்லது சொல்லாமல் சொன்னால், "சாகணும்னு தோணுதாங்க?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியாக விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று இன்னும் பயப்படுகிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது; அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2018 மே மாதத்திலிருந்து அது நடப்பில் இருக்கிறது.

பட்டறைச் சங்கங்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் தொழிலில் பயன்படும் ஆபத்தான பொருட்கள் எவை என்று உங்களுக்கே தெரியும், பெயர் சொல்ல விரும்பவில்லை. அவை பூட்டுக்குள் இருக்கட்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று எழுதி வையுங்கள், சாவி ஒரே ஆளிடம் மட்டும் இருக்க வேண்டாம். கைக்கு எட்டாமல் வைப்பதால் மட்டுமே உயிர் பிழைத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்த நெருக்கடி நேரம் பெரும்பாலும் சீக்கிரம் கடந்துவிடும். அறை கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பூட்டு வேலையை நாளைக்கே செய்துவிடலாம்.

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் இதே கோரிக்கைதான், ஒரு திருத்தத்தோடு. மலையின் பின்பக்கச் சரிவுகளில் வீடியோ என்ற பேச்சே எடுக்க முடியாது. குரலே விட்டு விட்டுத்தான் வரும். மழைக்காலத்தில் கரண்டும் போனால் அதுவும் இல்லை. சிக்னல் நன்றாக இருக்கும் இடம் எல்லா ஊரிலும் ஒன்று உண்டு, பஸ் ஸ்டாப்போ பாறையோ. ஆனால் ஊரே போன் பேச அங்கேதான் வந்து நிற்கும். கம்பிவழி இணைப்பு உள்ள எஸ்டேட் அலுவலகத்தில் அறை கேட்டால் மேலே சொன்ன முதலாளி பிரச்சினை அங்கேயும் வரும். பஞ்சாயத்து நூலகமோ ஆரம்ப சுகாதார நிலையமோ பொருந்துமா என்று மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே இருந்துகொண்டு நான் தீர்மானம் சொல்ல முடியாது.

இதுவரை உறுப்பினர்கள், தொழிலாளிகள் என்றே எழுதிக்கொண்டு வந்தேன். நிர்வாகிகளான உங்களையும் நினைத்துத்தான் எழுதினேன். ஊரில் யாருக்குப் பிரச்சினை என்றாலும் உங்கள் போன்தான் அடிக்கிறது. கூலிப் பேச்சுவார்த்தையில் இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறீர்கள். சங்கத் தலைவரே மனசு சரியில்லை என்று சொன்னால் அடுத்த தேர்தல் என்னாகும் என்ற கணக்கு உங்களுக்கும் இருக்கும். அறைக்கு நேரம் ஒதுக்கும்போது, கட்டடம் பூட்டிய பிறகு உங்களில் ஒருவர் போய் உட்கார ஒரு மணி நேரத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக வையுங்கள். வேண்டுமானால் வந்து விளக்குகிறேன். மைக், பொன்னாடை இல்லாமல், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து பேசுவதாக இருந்தால் போதும். முடியாது என்று முடிவானாலும் ஏன் முடியாது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். வாடகையா, ஆள் பற்றாக்குறையா, உறுப்பினர்கள் சிரிப்பார்கள் என்பதா என்று தெரிந்தால் அடுத்த சங்கத்திடம் கேட்கும்போது எனக்கு உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
குகையிலிருந்து ஒரு ஆலோசகர்